அறுவைக்கு விலை உண்டு. பிறகு வாழ வழி உண்டா?

உடல் பருமனைக் குறைக்கும் ஆபரேஷன் பற்றிய விளம்பரங்கள் இன்று பத்திரிகையில் வருகின்றன, சுவரில் ஒட்டப்படுகின்றன, கைபேசியிலும் வந்து குதிக்கின்றன. ஒரு பக்கம் பருத்த உருவம். மறு பக்கம் மெலிந்த உருவம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிய மனிதன் மறுநாள் என்ன சாப்பிடுகிறான், எந்த வேலைக்குப் போகிறான், மாத்திரைக்குக் காசு எங்கே தேடுகிறான் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. விளம்பரம் சொல்லாமல் விட்ட அந்த விஷயத்தைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

"கூழுக்கு வழியில்லாதவனுக்காகப் போராடுகிறவர்களுக்குக் கொழுப்பைப் பற்றி என்ன பேச்சு?" என்று சில தோழர்களே முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சர்க்காரின் சொந்தக் கணக்கையே காட்டுவோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தனர். 2019-21-ல் இது 40.4 சதவிகிதமாயிற்று. ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. அதே 2019-21 ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எடை கூடுகிறது, ரத்தம் குறைகிறது. ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடம்பில், பருமனும் பற்றாக்குறையும் கூடி வாழ்கின்றன. இது பங்களாவாசிகளின் நோய் என்ற காலம் போய்விட்டது. மலிவாகக் கிடைப்பது தீட்டிய அரிசி, பாமாயில், சர்க்கரை போட்ட டீ, பொட்டலத் தின்பண்டம். விலை ஏறி நிற்பது பருப்பு, முட்டை, மீன், காய்கறி. கூலிக்காரன் எதை வாங்குவான்? இரவு ஷிப்டு தூக்கத்தைத் தின்கிறது. மலிவுத் தீனி உடம்பை ஊத வைக்கிறது. ஊதிய பிறகு "சோம்பேறி, வாயைக் கட்டாதவன்" என்ற பட்டமும் அவனுக்கே!

ஆபரேஷன் செய்வது என்ன?

இந்த ஆபரேஷனை நாம் பழிக்கவில்லை. விஞ்ஞானத்தைப் பழிப்பது நமது வேலையல்ல. 1954-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடலைச் சுற்றி வழிமாற்றும் முறை தொடங்கியது. 1966-ல் அயோவா சர்வகலாசாலையின் டாக்டர் எட்வர்ட் மேசன் இரைப்பையைச் சிறிதாக்கி வழிமாற்றும் முறையைக் கொண்டுவந்தார். சுவீடனில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்தது என்று 2007-ல் காட்டிற்று. கடுமையான பருமனோடு நீரிழிவும் மூச்சுத் திணறலும் வந்து வாடுகிறவருக்கு இது உயிர் காக்கும் சிகிச்சையாக இருக்கிறது. நீரிழிவு பலருக்கு அடங்கிவிடுகிறது.

ஆனால் அது செய்கிற காரியம் என்ன? இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். இன்னொரு முறையில் முட்டையளவுகூட இல்லாத ஒரு சிறு பையை மட்டும் விட்டு, உணவு சிறுகுடலின் முதற்பகுதியைத் தொடாமலே போகும்படி வழியை மாற்றுகிறார்கள். இரும்புச் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் உறிஞ்சுவதில் பெரும்பங்கு அந்த முதற்பகுதிக்கே. ஆகவே அங்கே ஆபரேஷன் முடிகிறது. வாழ்க்கை முழுவதுக்குமான வைத்தியம் தொடங்குகிறது.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். பிறகு மசித்த உணவு, பிறகு குழைந்த உணவு. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்தே கையளவு சாதாரணச் சாப்பாடு. அதையும் நன்றாக மென்று, இருபது முப்பது நிமிஷம் எடுத்துத் தின்ன வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. தாகத்துக்குக் கடகடவென்று குடிக்கவும் கூடாது; நாள் முழுதும் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். இரும்பு, சுண்ணாம்பு, பி12, டி ஆகிய சத்துக்களை மாத்திரையாகவோ ஊசியாகவோ ஆயுள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும். வழிமாற்றிய குடலுள்ளவர் சர்க்கரைப் பண்டம் தின்றால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, வயிறு கழியும். வாந்தி நிற்காமல் போனால் தயமின் சத்து வற்றி மூளையும் நரம்பும் கெடலாம். மதுவும் வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. டாஸ்மாக் கடை தெருமுனையில் நிற்கிற மாநிலத்தில் இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பெண்ணானால் ஓராண்டு, ஒன்றரையாண்டு கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அதை அவள் மாமியாரிடம் யார் சொல்வது?

நல்லூரில் வைத்துப் பாருங்கள்

இந்த விதிகளையெல்லாம் கடலூர் மாவட்டத்து நல்லூரில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். பக்கத்தில் விருத்தாசலம். அங்கே சர்க்கார் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு, பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையம் உண்டு. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண் உண்டு. சுற்றிலும் அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பீங்கான் சாமான்களும் செய்யும் சிறு பட்டறைகள். களிமண் அரைப்பவர், அச்சில் வார்ப்பவர், மேல்பூச்சுப் பூசுபவர், சூளையில் அடுக்குபவர் என்று ஊர் ஊராக உழைக்கிறார்கள்.

நல்லூரிலிருந்து பஸ் ஏறி இப்படி ஒரு பட்டறைக்குப் போகும் பெண் ஒருத்தி இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். சூளைக்குள் வெப்பம் ஆயிரம் டிகிரிக்கு மேல். வெளியே நிற்கிறவளுக்கு வேர்வை ஆறாக ஓடுகிறது. மற்றவர்கள் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். இவளால் முடியாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் கை கழுவி வந்து மிடறு குடித்தால் மேஸ்திரி என்ன சொல்வார்? துண்டுக் கணக்குக் கூலி என்ன ஆகும்?

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அரை மணி இடைவேளை தர வேண்டும் என்பது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த கணக்கு. அது முழு வயிறு உள்ளவர்களை எண்ணிப் போட்ட கணக்கு. நாளைக்கு ஐந்தாறு தரம் சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டியவளுக்கு அதில் இடமில்லை. அந்தச் சட்டமும் எட்டாத குடிசைப் பட்டறைகள் எத்தனையோ! 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. முதலாளிகளுக்குத் தொழில் நடத்துவது சுலபமாகும் என்று பெருமை பேசுகிறார்கள். தொழிலாளியின் உடம்புக்கு எது சுலபமாகும் என்று யார் பேசினார்கள்?

புரதத்தின் கணக்கையும் பார்ப்போம். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு மலிவு விலையில் தருகிறார்கள். அதில் புரதம் சுமார் 220 கிராம். வீட்டில் மற்றவர் வாயையெல்லாம் கட்டிவிட்டு இவள் ஒருத்தியே அத்தனையையும் தின்றாலும் நான்கு நாளைக்குக்கூட எட்டாது! மிச்சம் இருபத்தாறு நாளுக்கு? டாக்டர் சீட்டில் எழுதும் புரதப் பொடி டப்பாவின் விலை அவளுடைய கூலிக்கு எட்டுமா? வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் எந்தத் தாய் தான் தின்பாள்?

ஏற்கெனவே பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை உள்ள மாநிலத்தில், இரும்பை உறிஞ்சும் குடலை வழிமாற்றிவிட்டு, "மாத்திரையை விடாமல் சாப்பிடம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகுமா?

விற்றவன் கதவைச் சாத்துகிறான்

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது, மாநில சுகாதாரத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. நியாயம்தான். ஆனால் ஆபரேஷன் மேஜையில் நேரும் சாவு செய்தியாகிறது. பிழைத்து ஊர் திரும்பி, மூன்றாண்டு கழித்துக் கால் மரத்து, முடி கொட்டி, ரத்தம் வற்றிப் படுத்துவிடுகிறவள் செய்தியாவதில்லை. அவளுக்காக எந்தக் குழுவும் அமைவதில்லை.

தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் லாபம். பின்தொடர்ந்து கவனிப்பது செலவு. இதுதான் சூட்சுமம். சில லட்சம் ரூபாய்க் கட்டணத்தில் வயிற்றை வெட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து அவள் விருத்தாசலத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்கு வந்து, ஒருநாள் கூலியை இழந்து, பரிசோதனைக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் நின்றுவிட்டால், "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி ஏட்டை மூடிவிடுவார்கள். எடை சிறிது திரும்பிவிட்டால், "உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்பார்கள். சில ஆண்டுகளில் ஓரளவு எடை திரும்புவது சகஜம் என்பதைப் பணம் வாங்கும்போது சொன்னார்களா?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நியாயத்தையும் கேளுங்கள். விலக்குகளை ஒழுங்குபடுத்தி இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் விதிகள் வகுத்தது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 40-ஐ எட்டியிருந்தால், அல்லது 35-ஐ எட்டி இருதய நோய், கட்டுக்கடங்காத நீரிழிவு போன்ற கடுமையான நோய்களும் சேர்ந்திருந்தால்தான் இந்த ஆபரேஷனுக்கு விலக்கு பொருந்தாது. அதே விதித்தொகுப்பில் இன்னொரு விலக்கு: வைட்டமின், தாதுச் சத்து மாத்திரைகள். ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதினாலொழிய அவற்றுக்குப் பணம் கிடையாது. அதாவது, வெட்டுவதற்குப் பணம் உண்டு. வெட்டியதால் ஆயுள் முழுதும் தேவைப்படும் மாத்திரைக்கு இல்லை! கத்தியை ஆதரிப்பார்கள், கத்தி விட்டுப்போன குறையை நோயாளி தலையில் கட்டுவார்கள்.

இதோடு ஊர் வாயும் சேர்கிறது. பந்தியில் உட்கார்ந்து இரண்டு கவளத்தோடு எழுந்தால், "எங்கள் சோறு இறங்கவில்லையா?" என்கிறார்கள். தளர்ந்து தொங்கும் தோலைப் பார்த்து, "வயிற்றை அறுத்து இளைத்தவள்" என்கிறார்கள். பருத்திருந்தபோது ஏசியதும் இதே வாய்தான். நமது இயக்கத்துத் தோழர்கள் இந்த ஏச்சில் பங்குகொள்ளக் கூடாது. நோயுற்ற உடம்பு யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி அல்ல.

நாம் கோருவது

"இதற்கெல்லாம் சர்க்காரிடம் பணம் ஏது?" என்று கேட்பார்கள். வலைப்பின்னல் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. நல்லூருக்கும் விருத்தாசலத்துக்கும் அந்தப் பாதை தெரியும். அதே பையில் இரும்பும் பி12-ம் சுண்ணாம்பும் ஏன் வரக்கூடாது? அந்தப் பையைச் சுமக்கும் பெண் ஊழியர்களுக்கு நியாயமான சம்பளமும் நிரந்தர வேலையும் கொடுத்தால் அவர்களே இந்த நோயாளிகளையும் கண்காணிப்பார்கள்.

போராடினால் சட்டம் உடம்புக்கு வளைந்து கொடுக்கும் என்பதும் நமது அனுபவமே. நாள் முழுதும் நின்றே வேலை செய்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தவில்லையா? ஆகவே நாம் கோருகிறோம்:

1. பொது ஆஸ்பத்திரியிலோ தனியாரிலோ எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும், ஆயுள் முழுதும் தேவையான சத்து மாத்திரைகளையும் ஊசியையும் ரத்தப் பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகத் தர வேண்டும்.

2. ஆபரேஷன் செய்யும் தனியார் ஆஸ்பத்திரி, பின்கவனிப்பின் செலவையும் கால அளவையும் தமிழில் எழுதி, நோயாளியிடம் முன்கூட்டியே விளக்கிக் கையெழுத்துப் பெற வேண்டும். படம் காட்டி ஆள் பிடிக்கும் விளம்பரங்களைத் தடுக்க வேண்டும்.

3. மாத்திரைக்குப் பணமில்லை என்ற இன்ஷூரன்ஸ் விலக்கு, இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை நீக்கப்பட வேண்டும்.

4. ஆபரேஷன் செய்துகொண்ட தொழிலாளிக்குக் கூலிக் குறைப்பின்றிச் சிறு இடைவேளைகளும், குடிநீரும், உட்கார இடமும், சில மாத காலம் சூளைப் பணி போன்ற கடும் வேலையிலிருந்து மாற்றமும் வேண்டும்.

5. ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். முட்டையும் சிறுதானியமும் சேர்க்க வேண்டும். இது நோயாளிக்கு மருந்து. மற்றவர்க்கு நோய்த் தடுப்பு.

ஐந்தாவது கோரிக்கை எல்லாவற்றுக்கும் வேர். நல்ல உணவு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால், எட்டு மணி வேலையும் போதிய தூக்கமும் உறுதியானால், இந்தக் கத்திக்கு ஆளாகிறவர் தொகையே குறையும். அதுவரை, கத்திக்கு ஆளானவர்களைக் கைவிடக் கூடாது. வைத்தியத்தைத் துண்டு போட்டு, லாபமுள்ள துண்டைத் தனியாருக்கும் நஷ்டமுள்ள துண்டை நோயாளிக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டை நாம் ஏற்க மாட்டோம்.

தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்கட்டும். மாதர் சங்கங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் இந்தக் கேள்வியை எழுப்பட்டும். களிமண்ணை அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, நாட்டின் வீடுகளுக்கு விளக்குச் செய்து கொடுக்கிற கைகளுக்கு, தங்கள் உடம்பைக் காத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. அதைக் கேட்டு வாங்குவோம்!