தார்ப்பாயின் அடியில் ஓர் அமானிதம்



மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே உள்ள எங்கள் இரும்பையில், வீட்டோரம் தார்ப்பாய் போர்த்திய பழைய வண்டியைக் காண்பது அரிதன்று. எங்கள் வீட்டில் நின்றது மறைந்த அத்தாவின் டி.வி.எஸ் 50. 1980-இல் அறிமுகமான அவ்வெளிய வண்டி, மூட்டை முடிச்சுகளைச் சுமந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதைச் சரிசெய்து ஓட்டப்போவதாகப் பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஏன் பிடித்து வைக்கிறோம்? இரும்பின் மீதுள்ள ஆசையால் அன்று. அந்தக் கைப்பிடியில் அத்தாவின் கை இருந்தது. வண்டி மீண்டும் ஓடும் என்று நம்பும்வரை, பிரிவு முழுமையாகவில்லை என்று மனம் எண்ணுகிறது. இவ்வுணர்வு பழிக்கத்தக்கதன்று. பழுது நீக்குவதும் சிறுமையன்று. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆனால் அங்கே நாம் காண்பது செயல். "பிறகு பார்க்கலாம்" என்ற தள்ளிப்போடல் அன்று.

கடற்காற்றின் உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும். உள்ளே தேங்கும் ஈரத்தைத் தடுக்காது. இறுதியில் மெக்கானிக்கை அழைத்தபோது, பெட்ரோல் டேங்கின் அடிப்பகுதி அவர் விரல் பட்டதும் உதிர்ந்தது. அன்றுதான் தங்கை மெல்லக் கேட்டாள், அதில் அம்மாவுக்கும் தனக்கும் பங்கில்லையா என்று. நான் தலைகுனிந்தேன்.

பெற்றோர் விட்டுச்சென்றது குறைவோ அதிகமோ, ஆண்களைப் போலப் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்கிறது திருக்குர்ஆன் (4:7). என் ஏக்கத்தின் பெயரால் துருப்பிடிக்க விட்டது பிறர் உரிமையையும்தான். அரசின் சட்டமும் காலம் குறிக்கிறது: உரிமையாளர் இறந்தால் வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்துவோர், 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஆகவே, மீட்டெடுக்க விரும்புவோர் மற்ற வாரிசுகளின் இசைவைப் பெற்று, அவர்களது பங்கின் மதிப்பைக் கொடுத்துவிட்டு, நாள் குறித்து வேலையைத் தொடங்கட்டும். இயலாதெனில், ஓடும் நிலையிலேயே விற்றுப் பங்கிடட்டும். அல்லது அனைவரும் மனமொப்பி, பிழைப்புக்கு வண்டி தேவைப்படும் ஓர் ஏழைக்கு மறைந்தவர் பேரால் ஸதகாவாக வழங்கட்டும். அவ்வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நன்மை சேரும் என்று நம்பலாம்.

எங்கள் வண்டி பழைய இரும்பின் விலைக்கே போனது. அச்சிறு தொகையையும் பங்கிட்டோம். அல்லாஹ் நம் அமானிதங்களைக் காலத்தே நிறைவேற்றும் நல்வாய்ப்பை அருள்வானாக. ஆமீன்.