பேரம் முடிந்த பிறகுதான் விலை ஆரம்பம்

மாதத்தின் கடைசி சனிக்கிழமை. கண்ணாடிச் சுவர்களுக்குள் பளபளக்கும் ஒரு காரைச் சுற்றி ஒரு குடும்பம் நிற்கிறது. பையன் ஸ்டியரிங்கை விட மறுக்கிறான். ரூ.8 லட்சம் காருக்கு ரூ.10,000 குறைப்பதாகச் சொல்கிறார் விற்பனையாளர். குடும்பத் தலைவர் கேட்பது ரூ.25,000. "மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் சார்" என்று உள்ளறைக்குப் போகிறார் விற்பனையாளர். ஐந்து நிமிடம் கழித்து, சண்டை போட்டு வென்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். ரூ.15,000க்கு முடிகிறது. கைகுலுக்கல். இரண்டாவது டீ வருகிறது.

உள்ளே போனவர் பெரும்பாலும் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பார். எதுவரை இறங்கலாம் என்பது காலையிலேயே அவருக்குத் தெரியும். இதில் தப்பில்லை. தான் எதுவரை ஏறலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்த வாடிக்கையாளரும் அதைச் சொல்லவில்லையே.

விவகாரம் அடுத்த மேஜையில்தான் ஆரம்பிக்கிறது. கடனுக்கான மேஜை. ரூ.6 லட்சம் கடன், ஐந்து வருடம், "வெறும் 6 சதவீதம் சார், ஃப்ளாட் ரேட்." மாதத் தவணை ரூ.13,000. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ளாட் ரேட் என்பது, மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய ரூ.6 லட்சத்துக்கே கடைசிவரை வட்டி போடும் கணக்கு. குறையும் அசலுக்கு வட்டி போடும் வழக்கமான வங்கிக் கணக்கில் இதைச் சொன்னால் கிட்டத்தட்ட 10.85 சதவீதம். அதே நபருக்கு அவர் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கி 9.25 சதவீதத்தில் கடன் தரத் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தவணை சுமார் ரூ.12,530. ஐந்து வருடத்தில் வித்தியாசம் ரூ.28,000க்கு மேல். அரை மணி நேரம் பேரம் பேசிச் சம்பாதித்த ரூ.15,000 போய், அதற்கு மேலும் ரூ.13,000 போகிறது. கடன் பிடித்துக் கொடுத்ததற்காக நிதி நிறுவனம் டீலருக்குத் தரும் கமிஷன் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

இதை மறைக்க முடியாதபடி ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்பதை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். நாக்பூரிலோ சூரத்திலோ கார் வாங்கும் தமிழர் இதை வற்புறுத்திக் கேட்கலாம். நடைமுறையில் அந்தத் தாள் இருபது கையெழுத்துகளுக்கு நடுவே ஒன்றாகப் போகிறது. பையன் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பாலிசியை எங்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் வற்புறுத்தக் கூடாது என்று 2017லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. ஆனால் "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்ற ஒரு வாக்கியம் பெரும்பாலோரை மடக்கிவிடுகிறது. உண்மையில் கேஷ்லெஸ் வசதி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாலிசியை விற்றது யார் என்பதைப் பொறுத்தது அல்ல. பிறகு கூடுதல் வாரன்டி, தரை விரிப்பு, அடிப்பாகத்துக்குப் பூச்சு, 'ஹேண்ட்லிங் சார்ஜ்'. இந்தக் கடைசி இனத்துக்கு அர்த்தம் கேட்டால் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவந்த செலவு என்பார்கள். ஷோரூம் விலை என்பதே காரை ஷோரூமில் வைத்துச் சொல்லும் விலைதானே என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு அந்த வரி பெரும்பாலும் பேனாவால் அடிக்கப்படுகிறது. கேட்காதவர்கள் கட்டுகிறார்கள். (ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2016லிருந்து வசூலிக்கப்படும் 1 சதவீதம் டி.சி.எஸ். மட்டும் வேறு ஜாதி. அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டிய சொந்தப் பணம். மறந்துவிடுபவர்கள் ஏராளம்.)

அப்படியானால் டீலர் கொள்ளையடிக்கிறாரா? காரை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை. ரூ.8 லட்சம் காரில் 5 சதவீதம் மார்ஜின் என்றால் ரூ.40,000. அதில் ரூ.15,000ஐ வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சில சமயம் இந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதியைத் தயாரிப்பாளர் ஏற்பார், சில சமயம் முழுவதும் டீலர் தலையில். கார் அவரிடம் சும்மாவும் நிற்பதில்லை. 2024 செப்டம்பரில் நாடு முழுவதும் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கி நிற்பதாகவும் அவற்றின் மதிப்பு ரூ.79,000 கோடி என்றும் டீலர்கள் சங்கமான ஃபாடா கணக்குச் சொன்னது. வங்கியில் 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி ரூ.7.5 லட்சம் போட்டு எடுத்த கார் 80 நாள் நின்றால் வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ.15,000. மிச்சமிருக்கும் ரூ.10,000ல் நெடுஞ்சாலை ஓரத்து வாடகை, ஏசி, சம்பளம், அந்த இரண்டு டீ. குறைந்தது 7 சதவீத மார்ஜின் வேண்டும் என்று ஃபாடா வருடக்கணக்காகக் கேட்பது வீம்புக்கு அல்ல.

ரிஸ்க்கும் அவர்களுடையதுதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகர், சனந்த் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். 170 டீலர்கள் ரூ.2,000 கோடி அளவுக்குப் போட்டு நடத்திவந்த 391 கடைகளைப் பற்றி ஃபாடாதான் பேச வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்து கார் விலை இறங்கியபோது வாங்குபவர்களுக்குத் தீபாவளி. ஏற்கெனவே செஸ் கட்டி வாங்கி வைத்திருந்த டீலர்களுக்கோ சுமார் ரூ.2,500 கோடி கணக்கில் சிக்கிக்கொண்டதாகப் புகார்.

தன் லாபத்தை விட்டுக் கொடுத்துக் கார் விற்கலாம் என்று டீலர் நினைத்தால் அதற்கும் எப்போதும் சுதந்திரம் இருந்ததில்லை. 2017ல் ஒரு டீலர் பெயர் போடாமல் எழுதிய மின்னஞ்சலிலிருந்து கிளம்பிய விசாரணையின் முடிவில், 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு ரூ.200 கோடி அபராதம் விதித்தது. நிர்ணயித்த அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று டீலர்கள் கட்டுப்படுத்தப்பட்டார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. கண்காணித்த விதம் துப்பறியும் நாவல்களை மிஞ்சும். வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி, பேரம் பேச வைத்து, அதை ரகசியமாகப் பதிவு செய்து, அதிகம் குறைத்த டீலரிடம் மின்னஞ்சலில் விளக்கம் கேட்டார்கள். அபராதம் டீலருக்கு மட்டுமல்ல, விற்பனை ஊழியர் தலையிலும் விழுந்தது என்கிறது உத்தரவு. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தை நிறுத்திவைத்தது. இதே போன்ற குற்றச்சாட்டில் 2017ல் ஹூண்டாய்க்கு விதிக்கப்பட்ட ரூ.87 கோடி அபராதம் அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் ரத்தாயிற்று.

ஆக, விற்பனையாளர் "இதற்கு மேல் என் கையில் இல்லை சார்" என்று சொன்னது சில சமயம் நிஜமாகவே இருந்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பது வாடிக்கையாளரா வேவு பார்ப்பவரா என்று தெரியாமல் அவர் பேசியிருக்கிறார்.

காரில் கிடைக்காத லாபத்தை டீலர் கடனிலும் காப்பீட்டிலும் தேடுகிறார். தேடட்டும். நியாயக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த லாபம் எல்லோரிடமும் ஒரே மாதிரி வசூலிக்கப்படுவதில்லை. இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ பகுதியில் 300க்கும் மேற்பட்ட பேரங்களை நடத்திப் பார்த்து 1995ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வசனம் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். அப்படியும் வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் குறைந்த விலை சொல்லப்பட்டது. பெண்களுக்கு அதிகம். கறுப்பின ஆண்களுக்கு எல்லோரையும்விட அதிகம். நம் ஊர் ஷோரூமில் தனியாக வந்து நிற்கும் பெண்ணிடம் "சார் எப்போது வருவார் மேடம்?" என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியம் தராது. கணக்குத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் அதட்டத் தெரிந்தவர், மச்சான் வங்கியில் இருப்பவர் ஆகியோருக்கு ஒரு விலை. சேமிப்பை முதல் காரில் போடும் ஆட்டோ டிரைவருக்கு இன்னொரு விலை. முன்னவர் பெற்ற தள்ளுபடியைப் பின்னவர் கட்டிய ஹேண்ட்லிங் சார்ஜ் ஈடு செய்கிறது.

பழைய தலைமுறைக்கு இந்தப் பேரமே புதுசு. 1983ல் மாருதி 800 வந்தபோது ரூ.10,000 கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். முறை வந்தவரின் ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. 1998ல் சான்ட்ரோவும் இண்டிகாவும் ஒரே ஆண்டில் வந்து நின்ற பிறகே டீலர் வாசல்வரை வந்து வரவேற்கக் கற்றுக்கொண்டார். சரக்குத் தட்டினால் மறுபடியும் பழைய முகம்தான். சிப் பற்றாக்குறையால் சில மாடல்களுக்கு வருடக்கணக்கில் வரிசை நின்ற 2022ல், உதிரி அலங்காரங்களையும் சேர்த்து வாங்குபவருக்கே வண்டி சீக்கிரம் வரும் என்று நாசூக்காகச் சொல்லப்பட்டது.

விவரம் தெரிந்தவர்கள் இப்போது தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதில்லை. சாலையில் இறங்கும்வரை மொத்தம் எவ்வளவு என்ற ஒரே எண்ணை எழுதி வாங்கி, இன்னொரு டீலரிடம் அதே எண்ணைக் கேட்கிறார்கள். வங்கிக் கடனையும் இன்சூரன்ஸ் விலையையும் முன்கூட்டியே பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இப்படிப்பட்டவர் உள்ளே வரும்போதே விற்பனையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. டீ சீக்கிரம் வருகிறது, மேனேஜரும் தானாகவே வெளியே வருகிறார்.

டெலிவரி நாளன்று பட்டுத் துணியை விலக்கி, கேக் வெட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ எடுத்தாகிவிட்டது. வண்டி வாசலைத் தாண்டும் முன் விற்பனையாளர் ஜன்னலருகே குனிகிறார். "கம்பெனியிலிருந்து போன் வரும் சார். எங்கள் சேவைக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். பத்துக்குப் பத்து சொல்லிவிடுங்கள். ஒன்பது சொன்னாலும் இந்த மாதம் என் இன்சென்டிவ் போய்விடும்." இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேரத்துக்குத் தயாராக இல்லை.