அக்காள்மடத்துப் பையனுக்கு கலிபோர்னியா டோக்கன்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கிறது அக்காள்மடம். அங்கே கடலுக்குப் போகிறவர்களுக்கு அடையாள அட்டை ஒன்றும் புதிய சங்கதி இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அட்டை வந்தது. படகுக்குப் பதிவு எண் உண்டு. ராமேசுவரம் பக்கம் விசைப்படகு கிளம்ப வேண்டுமென்றால் மீன்வளத் துறையின் டோக்கன் வேண்டும். காற்று பலமாக அடித்தால் டோக்கன் கிடையாது, அவ்வளவுதான். எரிச்சலான விஷயம்தான். ஆனாலும் கொடுப்பது அரசாங்கம். தர மறுத்தால் மறியல் செய்யலாம், கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம், மதுரைக் கிளையில் வழக்கும் போடலாம்.

இப்போது அதே டோக்கன் முறை மென்பொருளுக்கும் வருகிறது. கொடுக்கப் போவது ஒரு தனியார் கம்பெனி!

2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போனுக்குச் செயலி எழுதுகிறவர் யாராயிருந்தாலும் சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும். அரசு அடையாள அட்டையும் கேட்கப்படலாம். நிறுவனம் என்றால் டன்ஸ் எண் வேண்டும். பிறகு எழுதிய ஒவ்வொரு செயலியையும் தன்னுடையது என்று பதிவு செய்ய வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள் என்பது திட்டம். ப்ளே ஸ்டோருக்கு இப்படி விதி வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அவர்கள் கடை, அவர்கள் விதி. இது கடைக்கு வெளியே, ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகக் கொடுக்கும் ஏபிகே கோப்புக்கும் பொருந்தும் என்பதுதான் வில்லங்கம்.

அக்காள்மடத்தில் கணினி படிக்கும் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் வெளியிடுகிறது. அதை எடுத்து, வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரிலேயே காட்டும் சின்னச் செயலி ஒன்றை எழுதுகிறான். சித்தப்பாவுக்கும் அவர் கூடப் போகும் நாட்டுப்படகுக்காரர்கள் ஐம்பது பேருக்கும் வாட்சப்பில் அனுப்புகிறான். நேற்று வரை இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக ஒரு செயலி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்குப் பதிவு என்பது ஒரு நாள் வேலை. அந்தப் பையனுக்கு அப்படியில்லை. (கணினியில் கம்பி செருகி ஏற்றிக்கொள்ளத் தடையில்லையாம். ஐம்பது மீனவர்களும் போனைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கட்டும்!)

கூகுள் சொல்லும் காரணத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. இணையத்திலிருந்து நேரடியாக இறக்கும் செயலிகளில், ப்ளே ஸ்டோரில் இருப்பதைவிட 50 மடங்குக்கும் மேல் தீய மென்பொருள் இருக்கிறது என்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று பெயர் வைத்து வரும் ஏபிகே-யைத் தொட்டு வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அது பொய்யில்லை.

ஆனால் ஆளைச் சோதிப்பது வேறு, சரக்கைச் சோதிப்பது வேறு. கந்துவட்டிக் கடன் செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி மிரட்டிய கும்பல்கள் அவை. 2021 ஏப்ரலிலிருந்து 2022 ஜூலைக்குள் 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எங்கிருந்து நீக்கினார்கள்? கணக்குத் தொடங்கி, 25 டாலர் கட்டி, கூகுளின் சோதனையையும் தாண்டி உள்ளே வந்த கடையிலிருந்தே! கடுமையான அடையாளச் சரிபார்ப்பு 2023-ல்தான் வந்தது என்பார்கள். வந்து என்ன? மோசடிக்காரனுக்கு வங்கிக் கணக்கையே வாடகைக்கு விடும் நாடு இது. ஒரு அடையாள அட்டை கிடைக்காமலா போகும்? மாட்டிக்கொள்ளப் போவது நிஜப் பெயரோடு வரும் அந்தப் பையன்தான்.

எதிர்ப்புக் கிளம்பியதும் 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. மாணவர்களுக்குத் தனிக் கணக்கு, அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் போன்களுக்கு மட்டும். ஆபத்து தெரிந்தே இறக்குவேன் என்பவர்களுக்கு எச்சரிக்கைகளோடு ஒரு தனி வழி. சரி, நல்லது. அந்த எண்ணிக்கையை நாளைக்கு யார் குறைப்பது, அந்த வழியை யார் அடைப்பது? அதே கம்பெனிதான்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, செயலிகளைக் கடைக்கு வெளியே வினியோகிப்பதை எந்த விதத்திலும் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. அந்த உத்தரவை மட்டும் இன்னும் மூன்றோடு சேர்த்து ரத்து செய்துவிட்டது. பணம் போனால் கூகுளுக்குப் பெரிய விஷயமா? தேவைப்பட்ட கதவு அப்போதே அடைபட்டுவிட்டது.

2027-க்குள் மத்திய அரசு கேட்க வேண்டியது அதிகமில்லை. ரத்தான அந்த உத்தரவைச் சட்டமாகவே கொண்டுவரலாம். குறைந்தபட்சம், பதிவை மறுத்தால் இந்தியாவுக்குள் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும் என்றாவது சொல்லலாம். சித்தப்பாவுக்கு டோக்கன் மறுக்கப்பட்டால் ராமேசுவரத்திலேயே ஓர் அலுவலகம் இருக்கிறது, போய்ச் சத்தம் போடலாம். பையன் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.