மலையேறுவோன் சுமை

ஆல்ப்ஸ் முதலிய பனிமலைகளில் ஏறுவோரும், ஸ்கீ என்னும் சறுக்குமட்டைகளைக் காலிற் பூட்டிப் பனிவெளிகளைக் கடப்போரும் எவ்வெப் பொருள்களை உடன்கொண்டு செல்லவேண்டும் என்பது பற்றி இருவேறு கொள்கைகள் உள. சுமை குறையின் விரைவு மிகும், விரைவே பாதுகாப்பு என்பர் ஒரு சாரார். மலையில் எது நேருமென்று ஒருவரும் அறியாராதலின் எல்லாம் கைவசம் இருத்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் எது தக்கது என்று துணியுமுன், ஒவ்வொரு பொருளும் யார்பொருட்டுச் சுமக்கப்படுகிறது என்று வினவுதல் வேண்டும் என்பதே என் கருத்து.

முதற் சாராரின் கூற்றில் உண்மை பெரிதும் உண்டு. 1934-ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்ப்பாக்களைக் கொண்ட சிறு குழுவாய் ரிஷிகங்கையின் கொடிய பள்ளத்தாக்கை ஊடுருவி, நந்தாதேவியைச் சூழ்ந்த உட்பகுதியை அடைந்தனர். 1975-இல் மெஸ்னர், ஹாபெலர் என்னும் இருவர், நிலையான மேல்முகாம்களும் பிராணவாயுக் குடுவைகளுமின்றி, எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட முதலாம் காஷர்பிரம் சிகரத்தில் ஏறி இறங்கினர். பெருஞ்சுமையோடு மெல்ல ஊர்ந்திருப்பாராயின், புயலும் பனிச்சரிவும் நேரக்கூடிய இடங்களில் அவர்கள் நெடும்பொழுது தங்க நேர்ந்திருக்கும்.

ஆகவே, தன் சௌகரியத்திற்கானவற்றை ஒருவன் இரக்கமின்றிக் குறைப்பது நன்று. ஓரிரு நாள் ஏற்றத்திற்கு முப்பது முதல் நாற்பது லிட்டர் கொள்ளும் முதுகுப்பை பெரும்பாலும் போதும். பை பெரிதாயின் அதை நிரப்பும் ஆசையும் உடன் பெருகும். பையின் கொள்ளளவினும் அதன் நீளம் முதுகிற்கு இசைதலும், கனமான பொருள்கள் முதுகை ஒட்டி அமைதலுமே முக்கியம். கனம் பின்னே தொங்குமாயின், செங்குத்தான இடத்தில் அது ஏறுவோனைப் பின்னுக்கு இழுக்கும். கூடாரத்தின் செய்தியும் இதுவே. 1895-இல் நங்கபர்வதத்தில் மாண்ட மம்மரியின் பெயரால் வழங்கும் சிறு கூடாரத்திற்குப் பனிக்கோடரிகளே கால்களாயின. இக்காலத்தும் சறுக்குவோன் ஊன்றுகோல்களே சில கூடாரங்களைத் தாங்குகின்றன. ஆயினும் ஒற்றைத் துணிக் கூடாரத்துள் மூச்சின் ஈரம் உறைந்து, பின் உருகிச் சொட்டும். பறவைத்தூவி அடைத்த உறக்கப்பை நனைந்தால் அதன் வெப்பம் போய்விடும். பல இரவு தங்குவோன் இரட்டைத் துணியின் கனத்தை ஏற்பதே அறிவுடைமை.

ஆனால், குறைக்கலாகாத சுமை ஒன்று உண்டு. பனிச்சரிவு நிகழும் வெளியிற் செல்வோர் ஒவ்வொருவரும் மூன்று பொருள்கள் கொள்ளவேண்டும்: வானொலிச் சைகை விடுத்தும் ஏற்றும் தேடும் கருவி, துழாவுகோல், பனிவாரி. அக்கருவிகள் யாவும் 457 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில் இயங்குதலின், ஒருவர் கருவி மற்றவர் கருவியைக் கண்டறியும். புதையுண்டாரில் பத்து நிமிடத்திற்குள் எடுக்கப்படுவோர் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அரைமணி கழியின் மூவரில் ஒருவரே. அதற்குள் ஊரிலிருந்து உதவி வருதல் அரிது. அருகிலிருக்கும் தோழனே மீட்கவேண்டும். புதைந்தவன் தன் பனிவாரியால் தன்னைத் தோண்டிக்கொள்வதில்லை. அது அவன் தோழனுக்காகச் சுமந்தது. சரிந்து இறுகிய பனி கல்லைப்போல் கெட்டிப்படுமாதலின், சில நூறு கிராம் மிச்சம் பிடிக்கப் பிளாஸ்டிக் பனிவாரி கொள்வதும், 240 சென்டிமீட்டரிற் குட்டையான துழாவுகோல் கொள்வதும் பிறன் உயிரில் செய்யும் சிக்கனமாகும்.

காற்று நிரம்பி விரியும் பை புதையாமற் காக்க உதவுமே என்பர். உதவும், நான் அதைப் பழிக்கவில்லை. எனினும் அது அணிந்தவனையே காக்கும். பொருள் குறைந்தோன் அதற்கு முன்னர் இம்மூன்றையும் வாங்கி, அவற்றைப் பயன்படுத்தப் பலமுறை பழகுவானாக.

கயிற்றின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1865 ஜூலை 14-ஆம் நாள் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் எட்டிய எழுவர் இறங்குகையில் ஒருவர் வழுக்கினார், கயிறு அறுந்தது, நால்வர் மாண்டனர். அறுந்தது கொண்டுசென்ற கயிறுகளுள் மிக நலிந்தது. அதனினும் வலியவை உடனிருந்தும் அவ்விடத்திற் கட்டப்படவில்லை. நல்ல பொருளை வாங்கினால் மாத்திரம் போதாது. உரிய இடத்தில் பயன்படுத்தலும் வேண்டும்.

இறுதியாக, இலகுவாய் ஏறினேன் என்று பெருமை பேசுவோன், தன் சுமை எவன் முதுகிற்குப் போயிற்று என்று நோக்கவேண்டும். 1954 ஜூலையில் இத்தாலியர் கே-2 சிகரத்தை எட்டுதற்கு முந்திய இரவு, அவர்களுக்கான பிராணவாயுக் குடுவைகளை மேலே கொண்டுசென்ற பொனாட்டியும், ஹுன்ஸா நாட்டு மஹ்தியும், ஏறக்குறைய 8,100 மீட்டர் உயரத்தில் கூடாரமும் உறக்கப்பையும் இன்றிப் பனிவெளியில் கழித்தனர். மஹ்தி உறைபனியால் கால்விரல்களை இழந்தார். மறுநாள் வேறிருவர் சிகரமேறினர். வெற்றியின் கணக்கெழுதுவோர் அவ்விரல்களையும் அதிற் சேர்த்தல் நீதி.

கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரம், பிறர் சுமையிற் பங்குகொள்ளுதலையும் தன் சுமையைத் தானே ஏற்றலையும் ஒருங்கே போதிக்கிறது. இவை முரண் அல்ல என்பதை மலையேறுவோன் முதுகுப்பையே காட்டும். தன் சௌகரியத்தின் கனத்தைத் தானே சுமக்கட்டும், அல்லது விட்டுச் செல்லட்டும். தோழன் உயிருக்கு வேண்டியதையோ ஒருபோதும் குறையாதிருக்கட்டும். புறப்படுமிடத்தில் ஒருவர் கருவியை மற்றொருவர் சோதித்த பின்னரே முதலடி வைப்பது என்னும் வழக்கத்தை ஒவ்வொரு குழுவும் விதியாகக் கொள்ளுமாயின், அதற்குச் செலவாவது சில நிமிடமே.