தூத்துக்குடி கடலுக்குள்ளே ஒரு எட்டு பார்க்கலாமா? ஸ்நார்கெலிங் ஆசையும் மன்னார் வளைகுடா நிலவரமும்

2024 ஜனவரி முதல் வாரம் ஞாபகம் இருக்கா? பிரதமர் மோடி லட்சத்தீவுக் கடலில் மூச்சுக்குழாய் மாட்டி மிதந்த படங்கள் வந்தன. அடுத்த சில நாள்களுக்கு நம் ஃபீடில் வேறெதுவும் ஓடவில்லை. லட்சத்தீவைத் தேடியவர்கள் எண்ணிக்கை 3,400 சதவிகிதம் எகிறியதாக மேக்மைட்ரிப் நிறுவனம் சொன்னது. 'ஸ்நார்கெலிங்' என்ற வார்த்தையே அந்த வாரத்தில்தான் பலருக்கு அறிமுகம்.

அதே ஆண்டு மே மாதம் லட்சத்தீவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அது வைரல் ஆகவில்லை. 2023 அக்டோபரிலிருந்து நீடித்த கடல் வெப்ப அலையால் அங்குள்ள பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துவிட்டன என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. ஜனவரியில் நாம் லைக் போட்ட கடலுக்குத்தான் மே மாதம் இந்த கதி.

'சரி, லட்சத்தீவு ரொம்ப தூரம். நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஏதாவது இருக்கா?' என்று கேட்கிறீர்கள்தானே? இருக்கு. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் சாகுபுரம் வரும். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரசாயன ஆலையும் உப்பளமும்தான் கண்ணில் படும். அதற்குக் கிழக்கே விரிந்து கிடக்கிற நீலம்தான் மன்னார் வளைகுடா. இந்தியாவிலேயே கடல் உயிர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் ஒன்று. அங்கே இறங்கிப் பார்க்கலாமா என்பதுதான் இப்போது கேள்வி.

உள்ளே என்னதான் இருக்கு?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி 21 குட்டித் தீவுகள். 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. வான்தீவு, காசுவார், விலாங்குசல்லி, காரியாசல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தீவுகள்.

இங்கே பதிவாகியிருக்கும் பவள வகைகள் மட்டும் நூற்றுக்கும் மேல். பேராமை, அழுங்காமை, கடல் குதிரை, கடல் அட்டை, திருக்கை, அஞ்சாலை, பேத்தை எல்லாம் இந்தக் கடல்வாசிகள். அதிர்ஷ்டம் இருந்தால் ஓங்கில் கூட்டம் துள்ளும். உலகின் மிகப்பெரிய மீனான அம்மணி உழுவையும் இந்தப் பக்கம் வந்துபோகும். கடல்புல் மேய்கிற ஆவுளியா, அதாவது கடல்பசு, இன்னும் மிச்சமிருக்கிற சில இந்தியக் கடல்களில் இதுவும் ஒன்று. பாக் விரிகுடாப் பக்கம் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது 2022 செப்டம்பரில்.

போகலாமா, கூடாதா?

நேரடி பதில்: அனுமதி இல்லாமல் இந்த 21 தீவுகளில் கால் வைக்க முடியாது. தேசியப் பூங்கா என்பதால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 'ஒரு போட் பிடிச்சுத் தரேன், தீவுல இறங்கி குளிக்கலாம்' என்று யாராவது சொன்னால், வனத்துறை அனுமதி இருக்கா என்று முதலில் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

முறையான வழிகளும் இருக்கு. பாம்பன் குந்துக்கால் பக்கமிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகுச் சுற்றுலா நடத்துகிறது. தொண்டி அருகே காரங்காட்டில் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். காற்று, பருவத்தைப் பொறுத்து இவை அவ்வப்போது நிறுத்தப்படும் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துவிடுவது நல்லது.

இன்னொன்று. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, கடல் ஆமை, கடல்பசு எல்லாம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதேதான் இவற்றுக்கும். வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செத்த பவளத் துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்வதும் குற்றம்தான்.

கடல்கட்டிகள் காலம்

இந்தக் கடலில் மூச்சடக்கி இறங்குவது நமக்குப் புதுசு கிடையாது. பாண்டியர்களின் கொற்கை முத்து ரோமாபுரி வரை போனது. 13-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு பற்றி சுவாரஸ்யமான ஒரு தகவலை எழுதியிருக்கிறார். குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் இருக்க மந்திரம் போடுபவர்களைக் கூடவே அழைத்துப்போவார்களாம். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. மந்திரம் பகலில் மட்டும் வேலை செய்யும், ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்கள். திருட்டுத்தனமாக இரவில் குளிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தக் காலத்து சிசிடிவி! பிற்காலப் பதிவுகள் இவர்களைக் 'கடல்கட்டி' என்கின்றன.

இந்தியப் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பி வளம் குறைந்துபோனதால் அதோடு சரி. மந்திரம் போட்டுக் கட்டவேண்டிய அளவுக்கு இருந்த சுறாக்கள் நிலவரமும் மாறிவிட்டது. 1970-க்குப் பிறகு உலகின் ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 சதவிகிதம் சரிந்துவிட்டதாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அன்று மனிதர்களுக்குச் சுறாவிடமிருந்து காவல் தேவைப்பட்டது. இன்று காவல் தேவைப்படுவது சுறாவுக்கு.

பவளம் ஏன் வெளுக்கிறது?

பவளம் பாறை மாதிரி இருந்தாலும் அது உயிர். ஆயிரக்கணக்கான குட்டி விலங்குகள் சேர்ந்து கட்டிய அடுக்குமாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குச் சாப்பாடும் நிறமும் தருவது அவைதான். தண்ணீர் அளவுக்கு மீறி சூடானால் பவளம் இந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். வெள்ளை எலும்புக்கூடு தெரிய ஆரம்பிக்கும். உடனே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பட்டினிதான்.

மன்னார் வளைகுடாவில் 2010-ல் பெரிய அளவில் வெளுத்தது. 2016-ல் வந்த வெளுப்பில், உயிரோடு இருந்த பவளத்தில் சுமார் 16 சதவிகிதம் செத்துப்போனது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு தொடங்கிவிட்டது என்று அமெரிக்காவின் நோவா அமைப்பு அறிவித்தது.

பவளம் போனால் மீன் மட்டும் போகாது, நிலமும் போகும். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். விளைவு: 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. 1969-ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்த காரியாசல்லி, 2018-ல் 6 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. வான்தீவைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கிய பிறகுதான் அங்கே அரிப்பு மட்டுப்பட்டது. அதே வழியில் காரியாசல்லியையும் மீட்க, உலக வங்கி உதவியோடு நடக்கும் 'டிஎன்-ஷோர்' திட்டத்தில் வேலை எடுத்திருக்கிறார்கள்.

திறந்துவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு முன்னுதாரணம் தேட ரொம்ப தூரம் போகவேண்டாம். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைப் பாருங்கள். 2003-ல் தேசியப் பூங்கா ஆனது. துடுப்பு நுனி கறுத்த சுறாக்களோடு நீந்தலாம் என்பதே அங்கே ஈர்ப்பு. 2009-ல் போர் முடிந்த பிறகு கூட்டம் அலைமோதியது. ஆழமில்லாத இடத்தில் எழுந்து நின்ற கால்கள், நங்கூரம் போட்ட படகுகள் எனப் பவளத்துக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமில்லை.

தாய்லாந்தின் மாயா பே கதை வேறு மாதிரி. 'தி பீச்' ஹாலிவுட் படத்தால் பிரபலமாகி, ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை குவிந்த கடற்கரை. 2018 ஜூனில் இழுத்து மூடினார்கள். சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மறுபடி திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது, இத்தனை பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று கறாரான விதிகளோடு திறந்தார்கள். கூட்டத்தை அளந்துவிட்டால் கடல் தாங்கும். மூடித் திறக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கணும், அவ்வளவுதான்.

நம் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. ஸ்நார்கெலிங் செய்ய இது வசதி. துடுப்புக்காலணி பட்டு உடையவும் இதுவே வசதி. கடல் சூடாகும் மாதங்கள் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. நமக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். பவளம் உயிருக்குப் போராடும் நேரத்தில் கூட்டமாகப் போய் இறங்குவது எந்த வகையில் நியாயம்?

காசு யாருக்குப் போகும்?

இதுதான் பேசப்படாத விஷயம். பூங்கா வந்தபோது, தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளுக்குப் போய்வந்த மீனவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார்கள். மாதத்துக்கு 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி, 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது வாங்கினார்.

வயிற்றுப்பாட்டுக்கு அங்கே போனவர்களை நிறுத்திவிட்டு, ரீல்ஸ் எடுக்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்தால் அது அநியாயம். திறப்பதாக இருந்தால், வழிகாட்டிகளாக முதலில் வரவேண்டியவர்கள் இந்தக் கரையின் மக்களே. தூத்துக்குடியில் இன்றும் சங்குகுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்தில் மணமான பெண்களின் கை வளையலாகிறது. கம்ப்ரஸர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் ஆழத்தில் வேலை செய்யும் ஆபத்தான தொழில் அது. எந்தப் பார் எங்கே இருக்கு, எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, ஆள் எண்ணிக்கையை அளந்து, கோடையில் முழுசாக மூடி நடத்தினால் இதை யோசிக்கலாம். வெளியூர் கம்பெனிக்கு டெண்டர் விடுவதாக இருந்தால் மூடியே கிடக்கட்டும்.

எங்கே இறங்கினாலும் இதை மறக்காதீங்க!

* பவளத்தின் மேல் நிற்காதீர்கள். களைத்தால் மல்லாந்து மிதங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம், தனியாக இறங்கவே கூடாது.

* ஆமையைத் துரத்தி, அதன் தலைக்கு மேலே போய் மறிக்காதீர்கள். அது மூச்சு வாங்க மேலே வந்தே ஆகணும்.

* அழகான கூம்புச் சங்கு கிடந்தாலும் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி குத்தும். சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும்.

* மணலில் நடக்கும்போது காலைத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும்.

* சொறி பட்டால் தேய்க்காதீர்கள். கடல்நீரால் அலசி, கரையேறி மருத்துவரைப் பாருங்கள்.

* சன்ஸ்க்ரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள். பவளத்துக்குக் கெடுதல் செய்யும் சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்க்ரீனைத் தாய்லாந்து 2021-ல் தன் கடல் பூங்காக்களில் தடை செய்துவிட்டது. முதல் எதிரி சூடுதான் என்றாலும், நாமும் ஏன் சேர்ந்து கஷ்டம் கொடுக்கணும்?

* அரிய உயிரினத்தைப் படம் எடுத்தால், இன்ஸ்டாவில் லொகேஷன் டேக் போடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால் ஆய்வாளர்களுக்காவது பயன்படும்.

கடைசியாக ஒன்று. கடல் உயிர்களைச் சந்திக்க நாம் கடலுக்குள் போகணும் என்றுகூட இல்லை. சில சமயம் அவையே கரைக்கு வந்துவிடும். 2016 ஜனவரியில் சாகுபுரத்துக்குத் தெற்கே, மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்களும் வனத்துறையினரும் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. 45 இறந்துபோயின. 1973 ஜனவரியிலும் இந்தக் கடற்கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன. அப்படி ஒரு நாள் நீங்கள் கரையில் இருந்தால், உயிரோடு கிடக்கும் விலங்கின் மேல் ஈரத்துணி போடுங்கள், மூச்சுத்துளையில் தண்ணீர் போகாமல் பாருங்கள், கூட்டத்தை விலக்குங்கள், வனத்துறைக்கு போன் அடியுங்கள். வீடியோ எடுப்பதற்கு முன்னால் அந்த போன்கால் போகட்டும்.