பலகையைச் சேர்த்தல்



கொல்கத்தாவில் வங்காளப் பெண்கள் தரையில் அமர்ந்து, காலால் அமுக்கிய அரிவாள்மணையில் மீன் அரிவதைக் கண்டிருப்பீர்கள். ஒற்றையறை வாடகை வீடுகளில் வசிக்கும் நமக்கோ மேடையில் வைத்து நறுக்கும் பலகையே உதவுகிறது. நீம்தலா படித்துறையை அடுத்த மரக்கடைகளில் தேக்குத் துண்டுகள் கேட்டுப் பாருங்கள்.

ஒரே அகலப் பலகை வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரின் ஈரக்காற்றில் மரம் குறுக்குவாட்டில் ஊதும், பின்பு சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. ஆகையால் 4 அல்லது 5 செ.மீ. அகலச் சட்டங்களாக அறுத்து, ரேகைகள் ஒரே திசையில் ஓடும்படி சேருங்கள். பசையிடுமுன் விளிம்புகளை ஒட்டவைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் மறுபடியும் இழையுங்கள். கிளாம்பின் பலத்தால் அதை மூடிவிடலாம் என்பது தப்பெண்ணம். மூடும்; மழைக்காலத்தில் திறந்துகொள்ளும். (என் முதற்பலகை அவ்விதமே இரண்டாயிற்று.) அப்பிளவில் மீன்சாறு தங்கிக் கெடும், பிள்ளைகளின் வயிற்றுக்கு ஆகாது.

அளவுக்கு மிஞ்சி முறுக்கினாலோ பசை முழுவதும் பிதுங்கி, மூட்டு வறண்டுபோகும். விளிம்பு நெடுகச் சிறுமணிகளாய்க் கசிந்தால் போதும். கிளாம்புகளை மேலும் கீழுமாக மாற்றிப் போடுங்கள். இல்லாவிடில் பலகை வில்லாய் வளையும். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும்; நீர் தாங்கும் வகையைக் கேட்டு வாங்கி, ஒரு முழு நாள் அசைக்காது விடுங்கள்.

கழுவியபின் படுக்கப் போடாமல், சுவரில் சாய்த்து நிறுத்துங்கள்.