பிரித்த வாக்கா, மறுத்த வாக்கா?

"வாக்கைப் பிரித்துவிட்டார்கள்!" தேர்தலில் தோற்றவர் எழுப்பும் இக்கூக்குரலுக்குள் ஓர் உரிமைக் கோரிக்கை ஒளிந்திருக்கிறது. பிரிப்பதற்கு முன் அவ்வாக்கு யாருடைய உடைமை? பெட்டியில் இடும்வரை அஃது இடுபவனுடையதே. கட்சி அதனை அவனிடம் அடைக்கலமாகத் தந்து வைக்கவில்லை.

2024 நவம்பரில், அரபு வம்சாவளியினர் மிகுந்து வாழும் அமெரிக்க நகரமாகிய டியர்பார்னில் டிரம்ப் நூற்றுக்கு 42 வாக்கும், கமலா ஹாரிஸ் 36 வாக்கும், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18 வாக்கும் பெற்றனர். காஸாவை அழித்த குண்டுகளை அனுப்பிய அரசுக்கு மீண்டும் கைதூக்க மனம் ஒப்பாதவர்களே அந்தப் பதினெட்டில் பலர். அவர்கள் மீதுதான் எத்தனை ஏச்சு! நம்மவரிலும் சிலர் சேர்ந்துகொண்டனர். மிச்சிகன் மாநிலத்தில் ஹாரிஸ் தோற்றது ஏறத்தாழ 80,000 வாக்குகளில்; மாநிலம் முழுவதும் ஸ்டைன் பெற்றதோ 45,000க்கும் குறைவு. அத்தனையையும் அள்ளி ஹாரிஸுக்கே கொடுத்திருந்தாலும் அவர் வென்றிருக்கமாட்டார். கூட்டல் கழித்தல் அறிந்தவர் பழிசுமத்துமுன் இதையாவது பார்த்திருக்கலாம்.

கணக்கு எப்போதும் இவ்வாறு வாய்ப்பதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு முந்தியவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் சொந்தம். 1992இல் ராஸ் பெரோ நாடெங்கும் 1 கோடி 97 லட்சம் வாக்குகள் பெற்றும் ஒரு தேர்வாளரைக்கூட அடையவில்லை. 2000இல் புளோரிடாவில் புஷ் முந்தியது வெறும் 537 வாக்குகளில். அங்கு ரால்ஃப் நாடர் பெற்றவை 97,488. இந்தப் பொறுப்பிலிருந்து நாடரின் ஆதரவாளர் முற்றிலும் விலகிவிட இயலாது. ஆயினும் அதே புளோரிடாவில் சாவடிப் பக்கமே எட்டிப் பாராதவர் இலட்சக்கணக்கில் இருந்தனரே, அவரை ஏசியவர் யார்? உழைத்தவன்மீது மட்டும் குறை காண்பது வீட்டிலும் உள்ள வழக்கந்தான்.

"இரு தீங்குகளுள் இலேசானதை ஏற்க" என்னும் ஃபிக்ஹுச் சட்ட விதியை எடுத்துக்காட்டுகின்றனர். அதனைப் பல்லாண்டு பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். அவ்விதி நிர்ப்பந்தத்தில் சிக்கியவனுக்கு உரியது. நிர்ப்பந்தத்தை உண்டாக்கியவனே அதனை எடுத்து நமக்கு ஓதுவதற்கு இடமில்லை.

1844ஐ எண்ணிப் பாருங்கள். அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட போல்க், கிளே இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடிமை ஒழிப்பை முன்வைத்த லிபர்ட்டி கட்சியின் பர்னி நியூயார்க்கில் 15,800 வாக்குகள் பெற்றார். அங்கே கிளே ஏறத்தாழ 5,000 வாக்குகளில் தோற்று, அதனால் அதிபர் பதவியையும் இழந்தார். வென்ற போல்க் 1846இல் மெக்சிகோமீது போர் தொடுத்தார். விலை பெரிது! அன்றும் பர்னியின் ஆட்களைத் தூற்றினர். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. 1848இல் அவர்களுள் பெரும்பாலோர் ஃப்ரீ சாயில் கட்சியிற் கலந்தனர். 1854இல் எழுந்த குடியரசுக் கட்சியிலும் அவர்தம் உழைப்பு சேர்ந்தது. 1860இல் அக்கட்சியின் லிங்கன் வென்றார்.

ஆகவே டியர்பார்னின் பதினெட்டு விழுக்காட்டினரிடம் நான் கேட்க விரும்புவது, ஹாரிஸை ஏன் கைவிட்டீர்கள் என்பதன்று. வாக்களித்த மறுநாள் காலை எங்கே கூடினீர்கள், நகரமன்றத்துக்கும் பள்ளிக் குழுவுக்கும் யாரை நிறுத்தப் போகிறீர்கள் என்பதே.